பழைய குக்ரி சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குக்ரி என்ற வளைந்த நேபாளக் கத்தியின் முதுகில் தேவநாகரியில் 1970 என்று பொறித்திருக்கும். "ஐம்பது வருஷத்துச் சரக்குதானே" என்று பலர் கீழே வைத்துவிடுகிறார்கள். நேபாளத்தில் புழங்குவது விக்ரம ஆண்டு. ஆங்கில ஆண்டைவிட 56 அல்லது 57 கூடுதலாக இருக்கும். ஆக, அது 1913-ஐ ஒட்டிய கத்தி, நேபாளப் பிரதமர் சந்திர சம்ஷேர் ராணாவின் காலம். கூடவே 'ஸ்ரீ 3' என்று இருந்தால், அது ராணாப் பிரதமர்களின் பட்டம். மன்னருக்கு 'ஸ்ரீ 5'. தேவநாகரி எண்கள் பத்தையும் படிக்கத் தெரியாமல் குக்ரி வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, கதைக்குக் காசு கொடுப்பது. 1814-16 ஆங்கிலேய நேபாளப் போரில் சுழன்ற கத்தி என்று சொல்லாத வியாபாரி குறைவு. வியாபாரி பேசட்டும், நீங்கள் பிடியைப் பாருங்கள். பழைய குக்ரிகளில் அலகின் வால் ஒடுங்கிப் பிடிக்குள் நுழையும். பிசின் காய்ச்சி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அகன்ற வாலின் இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைந்த பிடி, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் படைக்கத்திகளோடு பரவியது. சிங்கத்தலைப் பிடியும் அலகு நிறையப் பூவேலையும் இருந்தால் அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது. அழகாக இருக்கலாம், போர்க்களம் கண்டிருக்காது.

உறையிலிருந்து உருவினால் ரத்தம் காட்டாமல் திரும்பப் போடக்கூடாது என்பதையும் நம்பாதீர்கள். நேபாள மலைக்கிராமங்களில் விறகு பிளப்பதும் இறைச்சி வெட்டுவதும் இதே கத்தியால்தான்.

2003-இல் காத்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கு ஒன்றிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான குக்ரிகளை மொத்தமாக வாங்கி விற்றன. அவை அசல்தான், அருமையான கத்திகள்தான். ஆனால் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்ற விலைக்கு வாங்காதீர்கள்.

எனக்கு மனசு ஆறாத தவறு ஒன்று உண்டு. வாங்கிய கையோடு சாணை பிடிப்பது, பாலிஷ் போடுவது. காமி எனப்படும் கொல்லர் அலகைப் பழுக்கக் காய்ச்சி, கெண்டியிலிருந்து தண்ணீரை வெட்டுவாய் ஓரமாக மட்டும் ஒழுகவிடுவார். அதனால் வாய் கெட்டிப்பட்டிருக்கும், முதுகு சற்று மென்மையாக நின்று அடியைத் தாங்கும். பழைய அலகு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரும்பை மடித்து அடித்த கோடுகள் சிலவற்றில் மர ரேகை போல ஓடும். பிடிக்கு அருகே உள்ள வெட்டுப்பள்ளத்தை ஒட்டி உளி பட்ட சின்னக் கோடுகள் தெரியும். சாணைச் சக்கரம் இதையெல்லாம் சில நிமிடத்தில் வழித்துவிடும். அந்தச் சூட்டில் வாயின் கெட்டித்தன்மையும் போய்விடும். போனது திரும்பாது.

பழைய கிரீஸ் அப்பியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்கள். செந்துரு எழும்பினால் மட்டும் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேயுங்கள். கருத்த மேற்பரப்பில் கை வைக்காதீர்கள், அதுதான் அதன் வயது. பிறகு மெல்லிய மெஷின் ஆயில் ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும்.

தோல் உறைக்குள்ளேயே போட்டு வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள், தூக்கி மட்டும் போட்டுவிடாதீர்கள். உறையின் பின்புறம் செருகியிருக்கும் கர்தா என்ற சிறு கத்தியும், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பெடுக்கும் சக்மக்கும் கூடப் பிறந்தவையாக இருந்தால் மதிப்பு ஏறும். இல்லையென்றால் இடம் காலியாகவே இருக்கட்டும். வேறு கத்தியினுடையதைச் செருகிச் சோடி சேர்க்காதீர்கள்.

உருவும்போது விரல்களை உறையின் வெட்டுவாய்ப் பக்கம் சுற்றிப் பிடிக்காதீர்கள். தையல் இற்றுப்போன உறையை அலகு அறுத்துக்கொண்டு வெளியே வரும். முதுகுப் பக்கமாகத் தாங்கிப் பிடித்து, மெல்ல இழுங்கள்.

காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில் கடைகடையாக ஏறி வாங்குகிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை அந்த நாட்டுத் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. பழையது போலத் தோன்றும் புதுக்கத்திக்கும் விமான நிலையத்தில் கேள்வி வரும். ஆகவே கடைக்காரரிடம் ரசீது கேளுங்கள், துறையின் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கத்தியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான அலகுகள் ஆயுத விதிகளுக்குள் வருகின்றன. பெரும்பாலான குக்ரிகள் அந்த அளவைத் தாண்டியவை. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.