இஷ்டதெய்வத்தைத் தேர்ந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோயில் பிராகாரத்தில் ஓர் இளைஞர், ஆறு மாதமாக முருகனின் ஆறெழுத்து மந்திரமான ‘சரவணபவ’ ஜபித்தும் வேலை அமையவில்லை என்றும், விரைந்து பலன் தரும் தெய்வம் எதுவென்று சொன்னால் மாறிக்கொள்வதாகவும் என்னிடம் கூறினார். 20 ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பெரியவரிடம் ஏறத்தாழ இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன். குளிக்காமல் அமர்வது, ஜபமாலையின் தலைமணியான மேருவைத் தாண்டி எண்ணுவது போன்ற பிழைகளை வீட்டிலுள்ளவர்களே திருத்திவிடுவார்கள் என்பதால், தேர்வில் நேரும் பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குலதெய்வத்தையும் இஷ்டதெய்வத்தையும் குழப்புவது

முன்னது குடும்பத்தின் வழி வருவது. பின்னது உள்ளம் தேர்வது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பலனுக்காகத் தெய்வத்தை மாற்றுவது

இந்தப் பிழையை மட்டும் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கடன் தீர லட்சுமி நரசிம்மர், வழக்கில் வெல்ல வாராஹி என்று யாரோ தந்த பட்டியலை நம்பி, மூன்று ஆண்டுகளில் நான்கு மந்திரங்களை மாற்றியவன் நான். ஒவ்வொன்றையும் நாள்தோறும் 108 முறை குறையாமல் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும் வாசிகமாகத் தொடங்கும் ஜபம், உதடு மட்டும் அசையும் உபாம்சுவாகி, நாளடைவில் மானசமாக உள்ளே இறங்க வேண்டும். மந்திரத்தை மாற்றும்போதெல்லாம் அது மறுபடி வாய்க்கே வந்துவிடுகிறது. என் தாயார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவில், வராந்தாவில் அமர்ந்து கண்ணை மூடியபோது நான்கு மந்திரங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தனவே தவிர, ஒன்றும் என்னுள் நிற்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த மூதாட்டியோ, கையில் மாலைகூட இல்லாமல், விடியும்வரை ‘முருகா’ என்ற ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை வேண்டும் என்று முருகனிடம் கேட்பது தவறன்று. கேட்டது கிடைக்கிறதா என்று பார்த்து மந்திரத்தை வைத்துக்கொள்வதும் விடுவதுமே தவறு. ஆறெழுத்தை விடாமல் இன்னும் ஓராண்டு சொல்லும்படியும், வேலைக்கான வேண்டுதலை ஜபம் முடிந்தபின் தனியே வைக்கும்படியும் அந்த இளைஞரிடம் கேட்டுக்கொண்டேன்.

மற்றத் தெய்வங்கள் கோபிக்கும் என்று அஞ்சுவது

பஞ்சாயதன பூஜையில் சிவன், விஷ்ணு, அம்பிகை, விநாயகர், சூரியன் ஆகிய ஐவருக்கும் இடமுண்டு. அவரவர் இஷ்டதெய்வத்தை நடுவில் வைத்து மற்ற நால்வரைச் சுற்றி வைப்பார்கள். ஒருவரை நடுவில் வைப்பதால் யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை.

ஜாதகத்திடம் முடிவை விட்டுவிடுவது

ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தில், ஆத்மகாரகன் (ஜாதகத்தில் தன் ராசிக்குள் மிக அதிகப் பாகை சென்ற கிரகம்) நின்ற ராசிக்கு 12-ஆம் இடத்தைக் கொண்டு இஷ்டதெய்வத்தைக் கணிக்கும் முறை ஜோதிடத்தில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜோதிடர் சொன்ன பெயரைக் கேட்டு உள்ளம் அசையவில்லை என்றால், சிறுவயதில் அடிபட்டு விழுந்தபோது எந்தப் பெயரைச் சொல்லி அழுதீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பீஜ மந்திரத்தில் தொடங்குவது

‘ஹ்ரீம்’ போன்ற ஓரசை மந்திரங்களான இவை குருவின் உபதேசம் இல்லாமல் வேண்டாம். அதுவரை நாமமே போதும்.