மருத்துவ அறிக்கையின் ஆங்கிலச் சொற்களை வாலிலிருந்து படிப்பது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டுவோரில் பலர், அதிலுள்ள நீண்ட சொற்களை முதலெழுத்திலிருந்து எழுத்துக்கூட்டத் தொடங்கிப் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அச்சொற்களை வாலிலிருந்து படிக்க வேண்டும். 'வந்தான்', 'வந்தாள்' என்னும் சொற்களில் வந்தவர் ஆணா பெண்ணா என்பதை விகுதி சொல்வதைப் போல, கிரேக்க வேர்களைக் கொண்டு அமைந்த இம்மருத்துவச் சொற்களில் நேர்ந்தது நோயா, சோதனையா, அறுவையா என்பதை இறுதிப் பகுதியே சொல்கிறது. முன்பகுதி பெரும்பாலும் உறுப்பின் பெயராக இருக்கும்.

வாலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'ஆஞ்சியோ' ஒன்றே போதும். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்தார்கள் என்று சொன்னால், கேட்பவருக்கு எதுவும் விளங்காது. ஏனெனில் அந்த முன்பகுதி இரத்தக்குழாயை மட்டுமே குறிக்கும். 'கிராம்' என்றால் பதிவு. ஆகவே ஆஞ்சியோகிராம் என்பது குழாய்க்குள் சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படமெடுக்கும் சோதனை. 'பிளாஸ்டி' என்றால் உருவைச் சீராக்குதல். ஆஞ்சியோபிளாஸ்டி என்பது சுருங்கிய குழாயைச் சிறு பலூனால் விரிக்கும் சிகிச்சை. இதயக் குழாயில் அதை முதன்முதலாகச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 1977ஆம் ஆண்டு, சூரிச் நகரில்.

அடிக்கடி கண்ணில் படும் வால் 'ஐட்டிஸ்'. இதன் பொருள் அழற்சி. வாலை விரலால் மறைத்துக்கொண்டு எஞ்சியதைப் படித்தால் உறுப்பு தெரிந்துவிடும்: காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி, ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. கிரேக்க மொழியில் இந்த ஒட்டுக்குச் 'சார்ந்தது' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. 'மூட்டைச் சார்ந்த நோய்' என்ற தொடரில் நோயைக் குறித்த சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோக, அதன் பொருளையும் வாலே சுமக்கத் தொடங்கியது. அழற்சியின் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கையும் முதல் நூற்றாண்டு ரோமானியரான கெல்சஸ் எழுதிவைத்திருக்கிறார்; கிருமி அப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் வைரஸாலும் வரும், மதுவாலும் வரும். ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸோ உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. ஆதலால் இந்த வாலைக் கண்டதும் தொற்று என்று முடிவுகட்டி, ஆன்டிபயாடிக் ஏன் எழுதவில்லை என்று மருத்துவரைக் கேட்பது பொருந்தாது.

அறுவையைக் குறிக்கும் மூன்று வால்கள் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால், அவற்றில்தான் மிகுந்த கவனம் தேவை. 'ஆட்டமி' வெட்டித் திறப்பது. லாப்பராட்டமி என்றால் வயிற்றைத் திறந்திருக்கிறார்கள், எதையும் அகற்றினார்களா என்பதை அச்சொல் சொல்லாது. (ஆய்வகத்தில் ஊசியால் இரத்தம் எடுப்பவரைப் பிளபாட்டமிஸ்ட் என்பதும் இதே வெட்டிலிருந்து வந்த பெயர்தான்.) 'எக்டமி'யின் தொடக்கத்திலுள்ள 'எக்' வெளியே என்று பொருள்படும்; வெட்டி வெளியே எடுப்பது. அப்பெண்டெக்டமியில் குடல்வாலும், ஹிஸ்டரெக்டமியில் கருப்பையும் அகற்றப்படுகின்றன. 'ஆஸ்டமி' வாய் என்னும் பொருளுடைய 'ஸ்டோமா'விலிருந்து பிறந்தது. புதிதாக ஒரு வாயிலை அமைப்பது. கொலாஸ்டமியில் பெருங்குடலை வயிற்றுச் சுவரில் அமைத்த துளைக்குக் கொண்டுவருகிறார்கள். நடுவிலுள்ள ஓர் 'ஸ்' ஒலியைத் தவறவிட்டால், நோயாளி அன்றாடம் பராமரிக்க வேண்டிய ஒரு துளை இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போகலாம்.

'ஓமா' பொதுவாகக் கட்டியைக் குறிக்கும். ஆனால் அது தீங்கற்றதா, புற்றுநோயா என்பதை வாலை வைத்து அறிய முடியாது. லிப்போமா சாதுவான கொழுப்புக் கட்டி; லிம்போமாவும் மெலனோமாவும் புற்றுநோய்கள். கண் அழுத்த நோயான குளுக்கோமாவில் கட்டியே இல்லை. ஹெமட்டோமா என்பது தேங்கிய இரத்தம். கோமாவோ ஆழ்ந்த உறக்கத்தைக் குறித்த தனிக் கிரேக்கச் சொல். அதற்கு வால் என்று ஒன்று கிடையாது.

'ஈமியா' இரத்தத்தைப் பற்றியது. ஹைப்போநட்ரீமியாவை வாலிலிருந்து பிரித்தால், இரத்தத்தில் சோடியம் குறைவு என்று வரும். 'நட்ரி' என்பது சோடியத்தின் இலத்தீன் பெயரான நாட்ரியத்தின் சுருக்கம். 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' மிகுதி என்பதால், முன்னால் வரும் இவ்விரண்டை மாற்றிப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

'ஆல்ஜியா' வலி: மயால்ஜியா தசைவலி, நியூரால்ஜியா நரம்புவலி. கடந்த கால ஏக்கத்தைச் சுட்ட இன்று நாம் பயன்படுத்தும் நாஸ்டால்ஜியாவும் ஒருகாலத்தில் நோயின் பெயரே. ஊரைப் பிரிந்து வாடியவர்களின் நிலைக்கு, வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து, 1688இல் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் சூட்டியது.

பயிற்சிக்கு, அறிக்கைகளில் ஓ.ஜி.டி. என்று சுருக்கப்படும் ஈசோபேகோகாஸ்ட்ரோடியோடினோஸ்கோப்பியை எடுத்துக்கொள்ளலாம். வாலான 'ஸ்கோப்பி' கருவியால் உள்ளே பார்ப்பது. அங்கிருந்து பின்னோக்கி வந்தால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி, அதற்கு முன் இரைப்பை, அதற்கும் முன் உணவுக்குழாய் என்று குழாய் இறங்கும் பாதை முழுவதும் தெரியும். டியோடினம் என்ற பெயர் பன்னிரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்பகுதியின் நீளம் பன்னிரண்டு விரலகலம் என்று அக்காலத்தில் அளந்திருக்கிறார்கள்.