பரணில் கிடக்கும் தொட்டிலுக்கு என்ன விலை?

அடுக்ககக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிச் செல்லும் ஸ்ட்ரோலர் ஒன்றின் படம் வரும். கீழே, 'வாங்கிய விலை 12,000, இரண்டு முறைதான் பயன்படுத்தினோம், 9,000 ரூபாய்க்குத் தருகிறோம்' என்று எழுதியிருக்கும். பத்து நாள் கழித்து அதே படம் 7,000 ரூபாயோடு வரும்; அடுத்த மாதம் 4,000 ரூபாயோடு வரும்; அதற்கும் பிறகு 'வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று வரும். முதல் நாளே 5,000 என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்பது அந்தக் குழுவில் விற்பவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

விற்பவர் தாம் கொடுத்த பணத்தை நினைக்கிறார். வாங்க வருபவரோ அதே பொருளை இன்று புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கைபேசியில் தேடிப் பார்க்கிறார். பேரம் முறிவது பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான். குழந்தைப் பொருட்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. விலைக்கு அவை இணையத்தில் விற்கப்படுவதே அரிது என்பதால், பெட்டியைக் காட்டி விலை சொல்வது வாங்குபவரைச் சற்று எரிச்சலூட்டவும் செய்யும். எம்.ஆர்.பி. 10,000 ரூபாய் உள்ள ஒரு ஸ்ட்ரோலர் இன்று தள்ளுபடி போக 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், உங்கள் கணக்கு அந்த 6,000 ரூபாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதியதை வாங்குபவருக்கு வாரண்டி உண்டு, வீட்டு வாசலில் வந்து இறங்கும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். இவை எதுவும் உங்களிடம் இல்லை. ஆகவே, நல்ல நிலையில் இருந்தால் இன்றைய விலையில் பாதி, துணி வெளுத்தும் சக்கரம் தேய்ந்தும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்பதே என் அனுபவத்தில் நியாயமாகத் தோன்றும் அளவு. இங்கே எளிதில் கிடைக்காத வெளிநாட்டு நிறுவனப் பொருட்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம்.

'இரண்டு முறைதான் பயன்படுத்தியது' என்ற வாக்கியத்தை நம்பி விலையை ஏற்றுவது அடுத்த தவறு. எத்தனை முறை பயன்பட்டது என்பதைவிட எத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தது என்பதே முக்கியமானது. இரண்டாவது குழந்தைக்கு ஆகும் என்று பரணில் ஏற்றிவைத்து, நான்கு சென்னைக் கோடைகளையும் நான்கு ஐப்பசி மழைகளையும் அது பார்த்துவிட்டது என்றால், பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், எலாஸ்டிக் தளர்ந்திருக்கும், மெத்தையில் பூஞ்சை வாடை ஏறியிருக்கும், சக்கரத்தின் அச்சில் துரு பிடித்திருக்கும். விற்பதென்று தீர்மானித்துவிட்டால் குழந்தை அந்தப் பொருளை விட்டு வளர்ந்த மாதத்திலேயே விற்பது நல்லது. ஆறு மாதம்கூடப் பயன்படாத பவுன்சர் (கைக்குழந்தைக்கான ஆடும் சாய்விருக்கை) போன்றவை பரணில் ஏறுவதற்கு நியாயமே இல்லை.

வாங்குபவர் எப்போது வருவார் என்பதைக் கணிப்பதிலும் பலர் தவறுகிறார்கள். நம் ஊரில் குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று பொருள் வாங்கிவைப்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. பிரசவம் முடிந்து சில மாதங்கள் தாய்வீட்டில் இருந்துவிட்டு, குழந்தையோடு தன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்குத்தான் தொட்டிலும் ஸ்ட்ரோலரும் சட்டென்று தேவைப்படுகின்றன. இன்னும் பத்து நாளில் வருகிறார்கள் என்னும்போது தேடத் தொடங்குபவருக்குப் பொருள் சுத்தமாகவும், முழுமையாகவும், உடனே எடுத்துப்போகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் அவர் தயங்கமாட்டார். 'அடுத்த வாரம் கழுவித் தருகிறேன்' என்று சொல்பவர் அந்த வாடிக்கையாளரை இழந்துவிடுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு மரத் தொட்டிலைக் கழற்றி, பலகைகளைத் துடைத்து, வரிசையாகச் சுவரில் சாய்த்துப் படமெடுத்துப் போட்டிருந்தேன். தாம்பரத்திலிருந்து சின்ன வண்டியை வாடகைக்குப் பேசிக்கொண்டு ஒருவர் வந்தார். ஏற்றும் நேரத்தில் இரண்டு போல்ட்டுகளைக் காணவில்லை. பக்கத்து ஹார்ட்வேர் கடையில் வாங்கிய எதுவும் அந்தத் துளைக்குப் பொருந்தவில்லை. வண்டி வாடகையை நான்தான் கொடுத்தேன், தொட்டிலும் விற்கவில்லை. கழற்றும்போதே போல்ட்டுகளையும் அந்த வளைந்த ஆலன் சாவியையும் ஒரு பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. இன்னும் நல்ல வழி, பூட்டிய நிலையில் படமெடுத்து, வாங்குபவர் வந்து பார்த்த பிறகு அவர் முன்னாலேயே கழற்றுவது. வண்டி வாடகை யாருடையது என்பதையும் விலை பேசும்போதே பேசிவிட வேண்டும்.

தொட்டிலை விற்கும்போது வாங்குபவர் கேட்காவிட்டாலும் நாமே அளந்து சொல்ல வேண்டிய விஷயங்கள் உண்டு. கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. ஸ்பிரிங் தொட்டிலாக இருந்தால், ஆண்டுக்கணக்கில் எடை தாங்கிய ஸ்பிரிங்கையும் கொக்கியையும் புதிதாக மாற்றித் தருவதோ, மாற்றிக்கொள்ளும்படி சொல்லி அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்வதோதான் முறை.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் குடும்பங்கள் கப்பலில் கொண்டுவரும் பொருட்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பக்கவாட்டுச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கி ஏற்றக்கூடிய தொட்டில்கள், குழந்தைகள் சிக்கி இறந்ததன் காரணமாக, 2011 ஜூன் முதல் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. பழையதை மறுவிற்பனை செய்வதும் அந்தத் தடைக்குள் அடங்கும். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் பிளே' என்ற சாய்வுப் படுக்கைகள் சுமார் 47 லட்சம், 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டன. 'அமெரிக்காவில் வாங்கியது' என்பதைத் தரச் சான்றாக எழுதி விலையை உயர்த்துவதற்கு முன், மாடல் பெயரையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்து, அது திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று தேடிவிடுவது விற்பவரின் கடமை.

வாக்கருக்கும் இது பொருந்தும். குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கரை விற்பதையும், இறக்குமதி செய்வதையும், விளம்பரம் செய்வதையும் கனடா 2004ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. வீட்டு வாசலில் பழையதை விற்பதற்கும் அங்கே அனுமதி இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் இதைத் தடைசெய்யக் கோரிவருகிறது. குழந்தை நடப்பதற்கு அது உதவுவதில்லை. மாறாக, படிக்கட்டையும் அடுப்படியையும் நோக்கி ஒரு நொடியில் பாய்வதற்குத்தான் உதவுகிறது. நம் நாட்டில் கடைகளில் கிடைக்கிறது என்பதால் விற்கலாமே என்று கேட்கலாம். நான் விற்கமாட்டேன். மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று, தன் பலத்தில் தள்ளுகிறது.

மிக அதிகமான தவறுகள் நடப்பது குழந்தைக்கென்று காரில் பொருத்தும் கார் சீட்டில். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கை அமைப்போ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. புதிய சீட்டின் விலை கையைக் கடிப்பதால் பழையதைத் தேடுவோர் இருக்கிறார்கள். ஆனால் கார் சீட்டுக்கு ஆயுள் உண்டு. தயாரித்த நாளிலிருந்து ஆறு முதல் பத்து ஆண்டுகள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுபடும். சீட்டின் அடியிலோ முதுகுப்புறத்திலோ தேதி அச்சாகியிருக்கும். எட்டாண்டு ஆயுளில் ஐந்தாண்டு கழிந்துவிட்ட சீட்டை 'புதிது போல் இருக்கிறது' என்று பாதி விலைக்குக் கேட்பது தவறு, மீதமிருப்பது மூன்றாண்டுதான். விபத்தில் சிக்கிய காரில் இருந்த சீட்டை வெளியே கீறல் இல்லை என்பதற்காக விற்கவே கூடாது. உள்ளே விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இருசக்கர வாகனத்தில் குழந்தைக்கு மாட்டும் ஹெல்மெட்டுக்கும் இதே விதிதான். ஓங்கி ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் அதற்கு விலை கிடையாது.

விற்பதற்கு முன் சுத்தம் செய்வதிலேயே பொருளைக் கெடுத்துவிடுவோரும் உண்டு. கார் சீட்டின் வார்ப்பட்டையைச் சலவை எந்திரத்தில் போட்டுவிடுவார்கள், அல்லது வெளுக்கும் மருந்தில் ஊறவைப்பார்கள். அதன் இழைகள் வலுவிழந்துவிடும். பட்டையை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி பெரும்பாலான நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. இசை பாடும் பொம்மைகளிலும் தொட்டில் ராட்டினங்களிலும் பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியின் மூடியில் திருகாணி இல்லையென்றால் அந்தப் பொருளை விற்பனைக்கு வைக்காதீர்கள்.

தாய்ப்பால் பம்ப் விலையுயர்ந்தது என்பதால் அதை விற்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஒருவர் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட பம்பில் பால்துளியோ ஈரமோ மோட்டார் வரை ஏறியிருக்கக்கூடும். அந்த இடத்தை வெந்நீரில் போடவும் முடியாது, கழற்றிக் கழுவவும் முடியாது. வாடகைக்குத் தரும் மருத்துவமனைத் தரப் பம்புகள் பலர் பயன்படுத்துவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றிலும் குழாயும் புனலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பால் புட்டிகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடைசெய்கிறது. ஸ்டெரிலைசரை விற்கும்போது, 'நான்கு புட்டிகள் இலவசம்' என்று எழுதாமல் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

துணிகளைத் தனித்தனியாக விலைபோட்டு உட்காருவது நேர விரயம். பிறந்த குழந்தைக்கு உறவினர் வீட்டுப் பழைய துணியைப் போடுவது நம் வழக்கம்தான். முகம் தெரியாதவரின் குழந்தைத் துணியை அதே மனத்தோடு யாரும் வாங்குவதில்லை. வயதுவாரியாகக் கட்டி, மொத்தமாக ஒரு சிறு தொகை சொன்னால் போகும். உறவினர் கேட்டால் சும்மா கொடுத்துவிடுங்கள். தம்பி மனைவியிடம் ஹை சேருக்கு 1,800 ரூபாய் கேட்டு, 1,500 ரூபாய் வாங்கி, அதை அடுத்த பத்து ஆண்டுகளுக்குக் கல்யாண வீடுகளில் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது மலிவு. தொட்டிலை விற்க வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் விலைப்பட்டியலில் சேர்க்காதீர்கள். வாங்குபவர் வாசலுக்கு வந்த பிறகு பாட்டி கண்கலங்கினால் எந்த விலையும் நிற்காது.

'கடைசி விலை என்ன?' என்று பொருளைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பவருக்கு உடனே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிச் சொன்ன எண் கடைசி விலையாக இருப்பதில்லை. நேரில் வந்ததும் அங்கிருந்துதான் அவர் பேரத்தைத் தொடங்குவார். சொல்லும் விலையில் நூற்றுக்குப் பத்து விட்டுக்கொடுக்க இடம் வைத்துக்கொண்டு, 'வந்து பாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்று சொல்வதே போதும். 'வெள்ளிக்கிழமைக்குள் வீடு காலி செய்கிறோம்' என்று விளம்பரத்திலேயே எழுதுவது, நம் அவசரத்தை நாமே தட்டில் வைத்து நீட்டுவதாகும். அதே சமயம், குறைகளை மறைக்காமல் எழுதுங்கள்: பிரேக் சற்று இறுக்கம், வலப்பக்கத் துணியில் கறை, ஒரு பட்டையின் கிளிப் மாற்றப்பட்டது. குறையைப் படித்துவிட்டு வருபவர் அதைக் காரணம் காட்டி மீண்டும் விலையைக் குறைக்க முடியாது. படத்தில் குழந்தையின் முகமோ கதவு எண்ணோ தெரியக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

பொருளைப் பார்க்காமலே, பேரமும் பேசாமல், முழு விலைக்கும் சம்மதிப்பவரைக் கண்டால் மகிழ வேண்டாம். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகி வருவதாகவும் சொல்லி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பி, பணம் அனுப்புவதற்கென்று ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புவது பழைய பொருள் தளங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி. பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை இடவோ தேவையே இல்லை. பின் எண்ணை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எவ்வளவு குறைத்தும் போகாத பொருளைக் காயலான் கடைக்கோ பழைய இரும்புக்காரருக்கோ எடைக்குப் போட்டுவிடலாம். ஆயுள் முடிந்த கார் சீட்டை மட்டும் அப்படியே போடாதீர்கள். அங்கிருந்து யாரோ அதை எடுத்துத் துடைத்து, மறுபடியும் ஒரு குழந்தையை உட்காரவைக்கக்கூடும். பட்டைகளைக் கத்தரித்து, முதுகில் கறுப்பு மார்க்கரால் 'பயன்படுத்தக் கூடாது' என்று பெரிதாக எழுதிய பிறகு போடுங்கள்.