தாளக்கருவி வரிசைகளுக்குத் தெளிவாகப் பெயரிடுவது எப்படி? (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்கோர் 4)

வயலின் வாசிப்பவருக்கு முதல் பாரிலிருந்து (பார்: இசைத்தாளில் நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி) கடைசி பார் வரை கையில் ஒரே வயலின். தாளக்கருவிக்காரர் அப்படியில்லை. டிரையாங்கிளை வைத்துவிட்டு சிம்பலுக்குப் போவார், நான்கு பார் கழித்து டாம்பரினை எடுப்பார். எப்போது எதை எடுப்பது என்று அவருக்குச் சொல்வது தாளில் நீங்கள் எழுதும் பெயர்கள்தான்.

படி 1: யார் எதை வாசிக்கிறார்?

மென்பொருளைத் திறக்குமுன் இதை ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஒருவர் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி வாசித்தால் அவருக்கு ஒரு கோட்டு ஸ்டாஃப் (நோட்டுகள் எழுதும் கோட்டு வரிசை) ஒன்றே போதும். இரண்டு கருவிகள் சேர்ந்து வந்தால் ஒன்றைக் கோட்டுக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் எழுதலாம். அதற்கு மேல் போனால் ஐந்து கோட்டு ஸ்டாஃப்தான் படிக்க வசதி. டிம்பனிக்குச் சுருதி உண்டு. அதற்கு பேஸ் கிளெஃப் (கிளெஃப்: ஸ்டாஃபின் தொடக்கத்தில் போடும் குறி) போட்ட தனி ஸ்டாஃப் கொடுங்கள்.

படி 2: சரியான கருவியைச் சேர்ப்பது

இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பலகத்தைத் திறந்து, டிரையாங்கிள் வேண்டுமென்றால் டிரையாங்கிளையே தேடிச் சேருங்கள். ஒரு கோடும் தாளக்கருவிக்கான கிளெஃபும் தாமாக வரும். டிரம்செட்டைச் சேர்த்துவிட்டு, கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் 5லிருந்து 1 ஆக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கோடுகள் குறையும், ஆனால் நோட்டுகள் பழைய இடங்களிலேயே நிற்கும். எந்த ஒலி எந்த இடத்தில் எழுதப்பட வேண்டும் என்பது டிரம்செட் அமைப்பில் தனியாகப் பதிவாகியிருப்பதே காரணம்.

படி 3: முழுப் பெயர், சுருக்கப் பெயர்

பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ஸ்டாஃப்/பார்ட் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முழுப் பெயர் தாளில் வரும் முதல் இசை வரிக்கு, சுருக்கப் பெயர் அடுத்தடுத்த வரிகளுக்கு.

அதிகக் கவனம் தேவைப்படுவது சுருக்கப் பெயருக்குத்தான். டாம்-டாம் ஒரு டிரம். டேம்-டேம் பெரிய தட்டையான உலோகக் காங். ஆங்கிலத்தில் ‘டி.டி.’ என்று சுருக்கினால் இரண்டில் எது? ‘டாம்ப்.’ என்றாலும் அதே சிக்கல்: டாம்பரினாகவும் இருக்கலாம், இத்தாலிய மொழியில் டிரம்மைக் குறிக்கும் ‘தம்பூரோ’வாகவும் இருக்கலாம். ‘சிம்பல்’ என்று மட்டும் எழுதினால், தொங்கும் ஒற்றைத் தட்டா, மோதி வாசிக்கும் ஜோடியா என்று தெரியாது. சந்தேகம் வரக்கூடிய பெயரைச் சுருக்கவே வேண்டாம். இடம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

எந்தக் குச்சி, எந்த மேலட் (உருண்டைத் தலையுள்ள குச்சி) என்பதைப் பெயருக்குள் திணிக்காதீர்கள். பெயர் நீண்டால் முதல் வரி முழுவதும் வலப்பக்கம் தள்ளப்படும். மேலட்டைப் பற்றிய குறிப்பு அது தேவைப்படும் நோட்டின் தலைக்கு மேல் வரட்டும்.

படி 4: கருவி மாறும் இடம்

இங்கே இரண்டு குறிப்புகள் வேண்டும். சிம்பலின் கடைசி நோட்டு முடிந்ததும் வரும் ரெஸ்ட்டை (ஓய்வுக் குறியை) தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+டி அழுத்தி ‘டிரையாங்கிளுக்கு’ என்று எழுதுங்கள். பிறகு டிரையாங்கிளின் முதல் நோட்டுக்கு மேல் ‘டிரையாங்கிள்’. முதல் குறிப்பு இல்லையென்றால் ஆறு பார் ஓய்வு முழுவதும் சிம்பலோடு நின்றுவிட்டு, நோட்டு வரும் நொடியில்தான் அவர் டிரையாங்கிளைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த எழுத்து கண்ணுக்கு மட்டும்தான், ஒலி மாறாது. கணினியும் டிரையாங்கிளாக ஒலிக்க வேண்டுமானால், டெக்ஸ்ட் பலகத்தில் இருக்கும் கருவி மாற்றக் குறியை அந்த முதல் நோட்டில் போட்டு, அதோடு வரும் வாசகத்தை உங்களுக்கு ஏற்றபடி திருத்துங்கள்.

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி அழுத்திவிடாதீர்கள். அது சிஸ்டம் டெக்ஸ்ட். ஸ்கோரின் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த முழுத்தாளின்) உச்சியில் போய் உட்காருவதோடு எல்லோருடைய பார்ட்டிலும் (ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும் தாளிலும்) வரும். புல்லாங்குழல்காரர் தாளில் ‘டிரையாங்கிளுக்கு’ என்று இருந்தால் காரணம் இதுவே.

படி 5: டிரம்செட்

ஒவ்வொரு நோட்டுக்கும் பெயர் எழுதினால் தாள் எறும்பு மொய்த்ததுபோல் ஆகிவிடும். முதல் பக்கத்தில் ஒரு சிறு விளக்கக் குறிப்பு போதும். பரவலான வழக்கம் இது: பேஸ் டிரம் கீழிருந்து முதல் இடைவெளியில், ஸ்னேர் மூன்றாவது இடைவெளியில், மூடிய ஹை-ஹாட் மேல்கோட்டுக்கு மேலே பெருக்கல் குறித் தலையோடு, காலால் வாசிக்கும் ஹை-ஹாட் கீழ்க்கோட்டுக்குக் கீழே. இதிலிருந்து விலகும் நோட்டு இருந்தால், அது முதலில் வரும் இடத்திலும் பெயர் எழுதுங்கள்.

படி 6: பார்ட்டைத் திறந்து பாருங்கள்

ஸ்கோரில் எல்லாம் சரியாகத் தெரியும். வாசிப்பவர் கையில் போவதோ பார்ட். ஒரே கருவி உள்ள பார்ட்டில் ஸ்டாஃபின் இடப்பக்கப் பெயரை மியூஸ்கோர் இயல்பாகவே மறைத்துவிடும். ஸ்டாஃபுக்கு ‘பெர்கஷன் 1’ என்று பொதுப்பெயர் வைத்திருந்தால், பக்கத்தின் மேல்மூலையில் அது மட்டுமே இருக்கும். முதலில் எடுக்க வேண்டியது எது என்று எங்கும் இருக்காது. ஆகவே முதல் நோட்டுக்கு மேலும் கருவியின் பெயரை ஸ்டாஃப் டெக்ஸ்டாக எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு பக்கம் அச்செடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். தாளக்கருவிக்காரரின் ஸ்டாண்டு பெரும்பாலும் கருவிகளுக்கு அப்பால்தான் இருக்கும். பெயர்கள் மங்கலாகத் தெரிந்தால் எழுத்தளவை 10லிருந்து 12 ஆக்கி மறுபடி அச்செடுங்கள்.