காலர்ட் கீரை: விதைப்பதில் தொடங்கும் தவறுகள்

காலர்ட் சொதப்புவதற்கு முக்கியக் காரணம், மற்றக் கீரைகளைப் போலவே அதையும் நடத்துவதுதான். விதையைக் கைநிறைய அள்ளித் தூவிவிட்டு, முளைத்ததெல்லாம் வளரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். காலர்ட் உண்மையில் முட்டைக்கோஸ், கேல், காலிஃபிளவர் ஆகியவற்றின் இனமேதான். உருண்டை மட்டும் கட்டாது. ஒரு செடி 60 முதல் 90 செ.மீ. உயரம் போகும். செடிக்குச் செடி 45 செ.மீ. இடமாவது வேண்டும். நெருக்கி விட்டால் இலை சிறுத்துப்போகும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் எளிதில் பரவும். முளைத்த நாற்றைக் கலைத்துவிட மனசு வராது, தெரியும். கலைத்ததையும் சமைக்கலாம், வீணாகாது. பிடுங்காமல் கத்தரியால் வெட்டினால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது.

அடுத்தது பருவம். இது குளிர்ச்சியை விரும்பும் பயிர். முட்டைக்கோஸைவிட வெயிலைத் தாங்கும் என்றாலும், கடும் வெயிலில் இலை முரடாகிக் கசக்கும். விதைத்து அறுவடைக்கு 60 முதல் 80 நாள் ஆகும். இலை பறிக்கும் காலம் குளிரில் வரும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு விதையுங்கள். லேசான உறைபனி பட்டால் இலையில் சர்க்கரை கூடிச் சுவை இனிக்கும். அதற்காக அவசரப்பட்டு, ஓரளவு வளர்ந்த நாற்றைப் பல வாரம் கடுங்குளிரில் நிறுத்தினால், குளிர் விலகியதும் தண்டு நீண்டு பூவெடுத்துவிடும்.

விதையை ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். பத்து நாளுக்குள் முளைக்கும். நாற்றுத் தட்டில் வளர்ப்பவர்கள் வெளிச்சத்தில் கஞ்சத்தனம் செய்து, தண்ணீரில் தாராளம் காட்டுவார்கள். சரியாகத் தலைகீழ்! வெளிச்சம் குறைந்தால் நாற்று நூலாக நீண்டு சாயும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் அடித்தண்டு அழுகி விழும். அப்புறம், வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் நடாதீர்கள். ஒரு வாரமாவது, தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

முட்டைக்கோஸ் இனம் எதுவும் போன வருடம் இருந்த இடத்தில் மறுபடி வேண்டாம். அமில மண்ணில் வேர் வீங்கிப்போகும் நோய் ஒன்று உண்டு. அதன் வித்துகள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் கிடக்கும்.

புழு வந்த பிறகு வலை போடுவது இன்னொரு வழக்கம். அதற்குள் வெள்ளைப் பட்டாம்பூச்சி இலைக்கு அடியில் முட்டை வைத்திருக்கும், வலை அந்தப் புழுக்களுக்குத்தான் பாதுகாப்பு. நட்ட அன்றே மூடிவிடுங்கள். பி.டி. மருந்து (புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்வது) தெளிப்பதானால், புழு சின்னதாக இருக்கும்போதே, மாலையில் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

பறிக்கும்போது அடி இலைகளிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். குருத்தைக் கிள்ளாமல் விட்டால் செடி மாதக்கணக்கில் கொடுக்கும். விதை எடுக்க நினைத்தால், அருகில் கேலோ முட்டைக்கோஸோ பூத்திருக்கக் கூடாது. மகரந்தம் கலந்து, அடுத்த விதைப்பில் காலர்டே வராமல் போகலாம்.