8 கம்ப்யூட்டர், 38 பிள்ளைகள்: வகுப்பில் இணையத்தைச் சமாளிப்பது எப்படி?

முதன்முதலாக வகுப்பில் புரொஜெக்டர் வைத்து யூடியூப் போட்ட அன்று எரிமலைப் பாடம். எரிமலை வெடிப்பதற்குள் ரம்மி விளம்பரம் வந்துவிட்டது. ஒரு ஆள் சிரித்துக்கொண்டே நோட்டுக்கட்டை விசிற, கடைசி பெஞ்ச் கைதட்டியது. பதறிப்போய் நான் ஒலியைக் குறைக்கப் போன நேரத்தில் திரையின் மூலையில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தது: "இந்த மாசச் சீட்டுப் பணம் இன்னும் வரலை." அனுப்பியது என் நாத்தனார். அந்த வருடம் முழுக்க ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு என் சீட்டுக் கணக்கு மனப்பாடம்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆய்வகத்தில் இருப்பவை 10 கம்ப்யூட்டர், ஓடுபவை 8. பிள்ளைகள் 38. பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவரில் விழும் படத்தைக் கவனியுங்கள். பாடத்துக்கென்று லேப்டாப்பில் தனியாக ஒரு யூசர் கணக்கு தொடங்கிவிடுங்கள். அதில் உங்கள் வாட்ஸ்அப்பும் சொந்த மெயிலும் இருக்கவே கூடாது. அப்புறம், விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், படம் எங்கே தெரிய வேண்டும் என்று நான்கு வழி கேட்கும். அதில் 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் ஒரு திரை, சுவரில் ஒரு திரை. நீங்கள் தேடுவது, விளம்பரத்தைத் தாண்டுவது எல்லாம் லேப்டாப்பில் நடக்கும். சரியாக வந்த பிறகு அந்த ஜன்னலை மட்டும் சுவருக்கு இழுத்து விட்டால் போதும். யூடியூபில் 'ஆட்டோபிளே' சுவிட்சை அணைத்து வையுங்கள். அணைக்காவிட்டால் எரிமலை முடிந்த கையோடு அடுத்து என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

அடுத்தது ரூட்டர், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இணையத்தைப் பிரித்துத் தரும் பெட்டி. இதைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள்: "எதையெல்லாம் பிளாக் பண்ணணும்?" என்னைக் கேட்டால் இது அரை மணி நேர வேலை, செய்துவிட்டு மறந்துவிட வேண்டியது. பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அடித்தால் ரூட்டருக்குள் போகலாம். எது என்று பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தருவது) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களைப் போடுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இலவசமாகத் தருவது இது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் திறக்க விடாது. ரூட்டர் இடம் கொடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் அமைப்பில் போடலாம். யூடியூபில் பிள்ளைகளுக்கு ஆகாத வீடியோக்களை வடிகட்ட 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாகப் போட வேண்டும். பிள்ளைகள் உட்காரும் கணக்குக்கு அட்மின் அதிகாரம் (புது மென்பொருள் ஏற்றும் உரிமை) கொடுக்காதீர்கள். கொடுத்தால் வாரத்துக்கு ஒரு கேம் முளைக்கும்.

ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். இரண்டே நாளில் பத்தாம் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் செய்தாலும் பிள்ளைகள் பஸ் சிமுலேட்டர் (பஸ் ஓட்டும் கேம்) படம் பார்ப்பதை எந்த எண்ணும் தடுக்காது. அதைத் தடுப்பது கேள்விதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் போடும் பூப்போட்ட கல் ஆத்தங்குடிக் கல். 'ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித் தேடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நான்கு குழு ஹோட்டல் விளம்பரத்தில் இருக்கும், ஒரு குழு செட்டிநாடு சிக்கனில் இருக்கும். நான் இப்போது பலகையில் எழுதுவது இப்படி: 'ஆத்தங்குடிக் கல்லின் மேல்முகம் பாலிஷ் போடாமலே எப்படிப் பளபளக்கிறது? இரண்டு இடத்தில் பார்த்து, யார் சொன்னது என்றும் சேர்த்து எழுதவும். 12 நிமிடம்.' கேள்வி சின்னதாக, விடை குறிப்பாக, நேரம் கொஞ்சம் போதாததாக இருக்க வேண்டும். நேரம் மிஞ்சினால்தான் சிமுலேட்டர் வரும். முந்தின நாள் இரவு அந்தக் கேள்வியை நானே தேடிப் பார்த்துவிடுவேன். எனக்கு 5 நிமிடம் ஆனது என்றால் அவர்களுக்கு 12 கொடுப்பேன்.

ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று உட்கார்ந்தால் மவுஸ் ஒருவன் கையிலேயே இருக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் மவுஸ் பிடிப்பவர் டிரைவர், எங்கே போக வேண்டும் என்று சொல்பவர் கண்டக்டர், நோட்டில் எழுதுபவர் கிளீனர், 'இதை யார் சொன்னது?' என்று கேட்பவர் செக்கர். ஐந்தாவது ஆள் இருந்தால் அவரும் செக்கர். 4 நிமிடத்துக்கு ஒரு முறை விசில் அடிப்பேன், ஆள் மாற வேண்டும். கண்டக்டர் சொல்லாமல் டிரைவர் எங்கும் திரும்பக் கூடாது. சும்மா விளையாட்டுக்குத் தொடங்கியதுதான், ஆனால் நான் பார்த்ததிலேயே நன்றாக வேலை செய்வது இதுதான். மேஜைகளைச் சுவர் ஓரமாகப் போட்டு எல்லாத் திரையும் அறையின் நடுவைப் பார்க்கும்படி வைத்துவிட்டால், நடுவில் நின்றபடியே 8 திரையையும் பார்த்துவிடலாம்.

அந்தக் கல் கேள்விக்கு வருகிறேன். ஒரு குழு, 'சூளையில் அதிக வெப்பத்தில் சுடுவதால் பளபளக்கிறது' என்று எழுதிக் கொண்டுவந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எப்போதும் பேசாத பிள்ளை.

"எங்கப்பா கல்லைச் சுடவே மாட்டாரு டீச்சர். தண்ணித் தொட்டியிலதான் போடுவாரு."

"கம்ப்யூட்டர்ல போட்டிருக்கே!" என்றது அந்தக் குழு.

சரி, யார் போட்டது என்று பார்ப்போம் என்று அந்தப் பக்கத்தைச் சுவரில் போட்டேன். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. கீழே உருட்டினால் ஏதோ ஒரு ஊரில் செராமிக் டைல்ஸ் விற்கும் கடை. படத்தில் இருந்ததும் ஆத்தங்குடிக் கல் இல்லை. மறுநாள் அந்தப் பிள்ளை ஓரம் உடைந்த கல் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மேலே பூ, வழவழப்பு. திருப்பினால் சொரசொரவென்று சிமெண்ட். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள் என்று அவளே விளக்கினாள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. கை மாறி மாறி அந்தக் கல் 38 பேரையும் சுற்றி வந்தது. அன்றிலிருந்து செக்கர் வேலைக்குப் போட்டி.

உங்கள் ஊரைப் பற்றிய கேள்வியாகக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எரிமலையைப் பற்றி இணையம் தப்பாகச் சொன்னால் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டுத் தரையைப் பற்றிச் சொன்னால் தெரியும். செட்டிநாட்டில் எத்தனை ஊர் என்று தேடச் சொன்னேன். ஒரு குழுவுக்கு 96 கிடைத்தது. இன்னொன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியல் பக்கத்தில் 73 கிராமம், 2 நகரம் என்று பார்த்து வந்தது. 96 என்பது பழைய கணக்கு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி தொடங்கியது எப்போது என்றால் ஒருவன் 1948 என்பான், ஒருத்தி 1953 என்பாள். இரண்டும் சரி: நேரு அடிக்கல் நாட்டியது முன்னது, திறப்பு விழா நடந்தது பின்னது. விடை மோதும்போது உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், ஐந்து நிமிடம் சண்டை போட விடுங்கள்.

ஏஐ செயலிகளை நான் சுவரில் மட்டும்தான் காட்டுவேன். நான் டைப் செய்வேன், பிள்ளைகள் பிழை பிடிப்பார்கள். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் கீழே கூடாது, 18க்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும்.

இணைய லைன் போய்விட்டால்? எங்களுக்கு மழைக்காலத்தில் அது வழக்கம். கிவிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி பென்டிரைவில் வைத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடலாம், இணையம் தேவையில்லை. அறிவியல் எடுப்பவர்களுக்கு ஃபெட் என்ற சோதனை விளையாட்டுகளும் அதேபோல இறக்கி வைக்கக் கிடைக்கின்றன.

இனி, கூடாதது ஒன்று திரையில் வந்துவிட்டால் என்ன செய்வது. எங்கள் விதி: மானிட்டரை மட்டும் அணை, கையைத் தூக்கு, திட்டு கிடையாது. கடைசி இரண்டு வார்த்தைதான் முக்கியம். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை பிள்ளை சத்தமில்லாமல் மூடிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. யாராவது ஒரு பிள்ளையை மிரட்டுகிறார்கள், படம் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றம் என்றால் 1930. பிள்ளையின் படம் எதுவும் உங்கள் கைக்கு வந்தால், ஆலோசனை கேட்பதற்காகக்கூட ஆசிரியர் குழுவில் போடாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ் குற்றம்.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு 9 மணிக்குத் திரும்பும். அப்பா சிங்கப்பூரில் இருந்தால் போன் அப்பத்தாவிடம் இருக்கும், ஆனால் அப்பா பேசுகிற நேரத்துக்கு அதை யாரும் தொடக் கூடாது. அதனால் இணையம் தேவைப்படும் வீட்டுப்பாடத்தை நாளைக்கே கொண்டுவா என்று கொடுக்காதீர்கள். 3 நாளாவது விடுங்கள். போன் கிடைக்காதவர்கள் ஆளைக் கேட்டும் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். போன வாரம் பழைய வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தேன். ஒருத்தி பர்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தாள். 'யார் சொன்னது' என்ற இடத்தில் அப்பத்தாவின் பெயர், வயது 81. இரண்டாவது இடம் எங்கே என்று கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.