மார்வெல் படங்கள கதை வருஷப்படி அடுக்குறது எப்படி

மார்வெல் படம் மொத்தத்தையும் கதை நடக்குற வருஷப்படி பாக்கப்போறேன், எதுல ஆரம்பிக்கட்டும்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது, முதல் தடவையா ரெண்டாவது தடவையா? முதல் தடவைன்னா வேணாங்க, பேசாம ரிலீஸ் ஆன வரிசைலயே போங்க, 2008 அயர்ன் மேன்லேருந்து.

ஏன்னா வருஷப்படி போனா ரெண்டாம் உலகப்போர் காலத்து கேப்டன் அமெரிக்கா முதல் படம் முடிஞ்சதும் அடுத்து கேப்டன் மார்வெல் வந்து நிக்கும், அது 1995ல நடக்குற கதை, ஆனா படம் வந்தது 2019ல, இன்ஃபினிட்டி வாருக்கு அப்புறம். கடைசில பேர் ஓடும்போது ஒரு சீன் வரும், பேஜர் ஒண்ணு சிக்னல் அனுப்பிட்டே இருக்கும், ஸ்டீவும் (அதான் கேப்டன் அமெரிக்கா) நட்டாஷாவும் (பிளாக் விடோ) தானோஸ்ங்குற வில்லன் வேலையால காணாமப்போனவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போறத பாத்துட்டு நிப்பாங்க. பத்து வருஷமா கட்டுன சஸ்பென்ஸ் ரெண்டாவது படத்துலயே காலி.

சரி, ரெண்டாவது ரவுண்டுன்னா ஜாலியா பண்ணலாம். ஒரு பேப்பர்ல மூணு வருஷம் மட்டும் எழுதிக்கோங்க, 2012 நியூயார்க் சண்டை (முதல் அவெஞ்சர்ஸ் படம்), 2018 தானோஸ் சொடக்கு (ஒரு சொடக்குல பாதி உயிர்கள் தூசியா போறது, இன்ஃபினிட்டி வார்ல), 2023 அப்படி போனவங்க எல்லாரும் திரும்பி வர்றது (எண்ட்கேம்ல). மத்தத எல்லாம் இந்த மூணுலயும் கோத்து விடணும், அவ்ளோதான். வாண்டாவிஷன் அவங்க திரும்பி வந்து மூணு வாரத்துல, ஸ்பைடர் மேன் ஃபார் ஃப்ரம் ஹோம் எட்டு மாசம் கழிச்சு, ஆக 2021ல வந்த சீரியல் 2019ல வந்த படத்துக்கு முன்னாடி போயிடுது. கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி ரெண்டாம் பாகம் 1980ல தொடங்கி 34 வருஷம் கழிச்சுன்னு திரைல எழுத்து, அதான் கார்டு, போடும், கூட்டிப் பாருங்க, 2014, அதாவது முதல் பாகம் முடிஞ்ச கையோட பாத்துடலாம்.

ஆனா கார்ட அப்படியே நம்பிடாதீங்க. ஸ்பைடர் மேன் ஹோம்கமிங்ல நியூயார்க் சண்டை முடிஞ்ச இடத்துலேருந்து 8 வருஷம் கழிச்சுன்னு போடுறாங்க, 2012ஓட எட்ட கூட்டுனா 2020, அந்த வருஷம் பீட்டர் (அதான் ஸ்பைடர் மேன்) சொடக்குல தூசியா போயிருக்கணுமே, ஸ்கூலுக்கு எப்படி போறான்? உண்மைல அது கேப்டன் அமெரிக்கா மூணாவது படம் சிவில் வார் முடிஞ்சு கொஞ்ச மாசத்துல நடக்குறது, 2016. கார்டும் சம்பவமும் முட்டிக்கிச்சுன்னா சம்பவத்து பக்கம் நில்லுங்க, நான் இத தெரியாம மூணு தடவ லிஸ்ட்ட அடிச்சு திருத்தி மண்டை காஞ்சிருக்கேன்.

இன்னொண்ணு, கடைசி குட்டி சீன்கள தனியா எடுத்து வச்சிடுங்க. பிளாக் விடோ கதை சிவில் வார் முடிஞ்ச உடனே நடக்குது, ஆனா கடைசி சீன்ல நட்டாஷாவோட தங்கச்சியா வளந்த யெலனா அவ கல்லறைல நிக்கிறா, அது எண்ட்கேமுக்கு அப்புறம். பேர் ஓட ஆரம்பிச்சதும் நிறுத்திட்டு, எண்ட்கேம் முடிச்சிட்டு திரும்பி வந்து பாருங்க.

சீரியல்ல ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்டு சேத்துக்குறவங்க முதல் சீசன் 16 எபிசோடு பாத்துட்டு கேப்டன் அமெரிக்கா ரெண்டாவது படம் வின்டர் சோல்ஜர் போங்க, அப்புறம் 17வது, இல்லன்னா ஹைட்ராங்குற வில்லன் கும்பல் விஷயம் சீரியல் வழியாவே தெரிஞ்சு படம் சப்புன்னு போயிடும்.

லோகி சீரியல 2012 கீழ போட கை துறுதுறுக்கும், அந்த லோகி, எண்ட்கேம்ல காட்டுற மாதிரி, 2012லேருந்து டெசராக்ட்ங்குற சக்தி கியூபோட தப்பிச்சவன்தான், இருந்தாலும் எண்ட்கேமுக்கு அப்புறமே வைங்க. முதல் எபிசோடுலயே அவன உக்கார வச்சு அவன் சாவ அவனுக்கே ஸ்க்ரீன்ல ஓட்டிக் காட்டுவாங்க, பக்கத்துல புதுசா பாக்குற ஆள் யாராச்சும் உக்காந்திருந்தா கதை முடிஞ்சுது.